கொதிகலனுக்கு யார் பணம் கொடுப்பது?

செனாய் விமான நிலையத்திலிருந்து கூலாய் பக்கம் சற்றுத் தள்ளி, இண்டாபுராவில் ஜொகூர் பிரீமியம் அவுட்லெட்ஸ் பேரங்காடி இருக்கிறது. கெந்திங் குழுமமும் அமெரிக்காவின் சைமன் பிராப்பர்ட்டி நிறுவனமும் கூட்டாக 2011இல் திறந்த இடம் அது. வார இறுதிகளில் சிங்கப்பூர்ப் பதிவெண் கொண்ட கார்கள் வரிசைகட்டும். நைக்கி, அடிடாஸ் போன்ற உலகப் பெயர்களின் உடைகளும் சப்பாத்துகளும் அங்கே தள்ளுபடி விலையில் கிடைக்கும். அந்த நிறுவனங்களில் பலவும் 2030க்குள் தங்கள் கரிம வெளியேற்றத்தை இத்தனை விழுக்காடு குறைப்போம் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்தவை. வாக்கைக் காப்பாற்ற அவை எங்கே கை வைக்க வேண்டும்? வாடிக்கையாளரின் கண்ணில் முதலில் படுவது கடைதான். கூரையில் சூரியத் தகடு, உள்ளே எல்இடி விளக்கு, பிளாஸ்டிக் பைக்குப் பதில் காகிதப் பை. இவை எதுவும் தவறில்லை, செய்ய வேண்டியவைதான். ஆனால் ஊசி போவதைக் கணக்குப் பார்த்துப் பூசணிக்காய் போவதைக் கோட்டைவிட்ட கதையாக இது முடிந்துவிடக்கூடாது. உடை, காலணி நிறுவனத்தின் கரிமத்தில் மிகப் பெரும்பகுதி அதன் கடையிலோ அலுவலகத்திலோ உருவாவதில்லை. அந்த நிறுவனத்துக்குச் சொந்தமே இல்லாத ஆலைகளின் கொதிகலன்களில் உருவாகிறது. ஆகவே அதைக் குறைப்பதற்கான வழியும், அந்த ஆலைகளிடம் நிறுவனம் எப்படிச் சரக்கு வாங்குகிறது என்பதிலேயே இருக்கிறது.

இதற்கு நல்ல சான்று ஒரு ஜோடி ஓட்டச் சப்பாத்து. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் ஆசிக்ஸ் நிறுவனத்தின் ஒரு சப்பாத்தை எடுத்துக்கொண்டு, மூலப்பொருளிலிருந்து குப்பைமேடு வரை அதன் கரிமக் கணக்கைப் போட்டு 2013இல் வெளியிட்டார்கள். ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 14 கிலோ கரியமில வாயு. அந்தச் சப்பாத்தில் 65 தனித்தனிப் பாகங்கள் இருந்தன; அவற்றை வெட்டி, வார்த்து, ஒட்டி, தைத்து முடிக்க 360 படிகள் தேவைப்பட்டன. மொத்த வெளியேற்றத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆலையில் செய்யும் கட்டத்திலேயே நிகழ்ந்தது. காரை எடுத்துக்கொண்டால் ஓட்டும்போது பெட்ரோல் எரிகிறது. குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்கணக்கில் மின்சாரம் தின்கிறது. சப்பாத்து அப்படியில்லை. அணிந்து ஓடும்போது அது எதையும் எரிப்பதில்லை. வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும்போதே அதன் கரிமக் கடன் ஏறத்தாழ முழுதும் ஏறிவிட்டது. சிறு சிறு அச்சுகளைச் சூடாக்கி வார்க்கும் வேலையும், ஆலைக்கு மின்சாரம் தரும் நிலக்கரியும் சேர்ந்துதான் அந்தக் கடனை ஏற்றுகின்றன.

நிறுவனங்கள் தங்கள் கரிமத்தை மூன்று அடுக்காகக் கணக்கிடுகின்றன. தாமே எரிக்கும் எரிபொருள் முதல் அடுக்கு. காசு கொடுத்து வாங்கும் மின்சாரம் இரண்டாம் அடுக்கு. மற்றவர்களின் ஆலை, பண்ணை, கப்பல், வாடிக்கையாளர் வீடு ஆகியவற்றில் தம் பொருளின் பொருட்டு வெளியாகும் அனைத்தும் மூன்றாம் அடுக்கு. நைக்கியின் சொந்தக் கணக்கின்படியே அதன் வெளியேற்றத்தில் 99 விழுக்காடு இந்த மூன்றாம் அடுக்கில் இருக்கிறது. உடைத்துறை முழுவதும் உலக வெளியேற்றத்தில் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உலக வள நிறுவனமும் அப்பேரல் இம்பாக்ட் இன்ஸ்டிடியூட்டும் 2021இல் சொன்னது ஏறத்தாழ 2 விழுக்காடு. மெக்கின்சி 2020இல் சொன்னது 4. ஐக்கிய நாடுகளின் அறிக்கைகள் வழியே பரவிய எண் 8 முதல் 10. எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. ஆனால் கரிமம் எந்தக் கட்டத்தில் குவிகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. உலக வள நிறுவனத்தின் அந்த ஆய்வின்படி, துணியை நெய்து, பின்னி, சாயமேற்றி, முடிக்கும் கட்டத்தில் மட்டும் பாதிக்கு மேல், அதாவது 52 விழுக்காடு. பருத்தி விளைவிப்பது, பெட்ரோலியத்திலிருந்து பாலியஸ்டர் மூலப்பொருளை எடுப்பது போன்றவை 24 விழுக்காடு. நாம் 'கார்மெண்ட்ஸ்' என்று சொல்லும் தையல் ஆலைகளின் பங்கோ வெறும் 9.

துணி ஆலையில் மட்டும் ஏன் இவ்வளவு? காரணம் வெந்நீரும் நீராவியும். பாலியஸ்டர் துணியில் சாயம் உள்ளே இறங்க வேண்டுமானால் அழுத்தத்தின் கீழ் 130 பாகை செல்சியஸ் வரை நீரைச் சூடாக்க வேண்டும். பருத்திக்கு அவ்வளவு சூடு வேண்டியதில்லை. ஆனால் ஒட்டாத சாயத்தைப் போக்கத் திரும்பத் திரும்ப வெந்நீரில் அலச வேண்டும். பிறகு ஈரத் துணியை நீளமான சூட்டறைக்குள் இழுத்து, 150 பாகைக்கு மேல் உலர்த்தி, அகலத்தையும் சுருக்கத்தையும் நிலைநிறுத்த வேண்டும். இத்தனை வெப்பமும் ஆலையின் பின்புறத்தில் நிற்கும் கொதிகலனிலிருந்து, அதாவது பாய்லரிலிருந்து வருகிறது. அதில் எரிவது நாட்டுக்கு நாடு மாறும்: சீனாவிலும் வியட்நாமிலும் நிலக்கரி, வங்காளதேசத்தில் இயற்கை எரிவாயு, திருப்பூரில் பெரும்பாலும் விறகு. ஜொகூரிலும் பத்து பகாட் நெடுங்காலமாகத் துணி, ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். ராமாடெக்ஸ் போன்ற பெரிய துணி நிறுவனங்கள் அங்கிருந்து எழுந்தவை. துணி ஆலையின் இந்த வெப்பத்தைத் தொடாமல், தையல் ஆலையின் கூரையில் பதித்த சூரியத் தகட்டைப் படமெடுத்து அறிக்கையில் போடுவது அழகாக இருக்கும். கணக்கில் பெரிதாக எதுவும் நகராது.

நல்ல செய்தி என்னவென்றால், முதல் கட்ட வேலைக்குப் புதிய கண்டுபிடிப்பே தேவையில்லை. அமெரிக்காவின் என்ஆர்டிசி என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 'கிளீன் பை டிசைன்' என்ற திட்டத்தைச் சீனாவின் 33 துணி ஆலைகளில் நடத்தி, 2015இல் விளைவுகளை வெளியிட்டது. செய்தவை மிகச் சாதாரண வேலைகள்: நீராவி ஒழுகும் குழாய்களை அடைப்பது, சூடான குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் காப்புறை போடுவது, குளிர்ந்து நீராகும் ஆவியைத் திரும்பப் பாய்லருக்கே அனுப்புவது, வெளியே போகும் வெந்நீரின் சூட்டைப் பிடித்து உள்ளே வரும் தண்ணீரைச் சூடாக்குவது, எங்கே எவ்வளவு செலவாகிறது என்று காட்ட மீட்டர் பொருத்துவது. அந்த ஆலைகள் ஆண்டுக்கு 61,000 டன் நிலக்கரியையும் 1 கோடியே 47 லட்சம் டாலரையும் மிச்சப்படுத்தின. போட்ட முதல் சராசரியாகப் பதினான்கு மாதத்தில் திரும்பி வந்தது. பதினான்கு மாதத்தில் முதல் திரும்பும் வேலையை எல்லா ஆலைகளும் தாமாகவே செய்திருக்க வேண்டுமே, ஏன் செய்வதில்லை? ஆலை முதலாளிக்கு அடுத்த பருவத்தின் ஆர்டர் கிடைக்குமா என்பதே தெரியாது. வாங்கும் நிறுவனம் ஒவ்வொரு பருவத்திலும் சில காசு குறைவாகச் சொல்லும் ஆலையைத் தேடிப் போகிறது. கையில் உள்ள பணம் நூலுக்கும் கூலிக்கும் போகிறது. வங்கியோ ஆறு மாத ஆர்டரை நம்பி நீண்டகாலக் கடன் கொடுப்பதில்லை. தடையாக நிற்பது தொழில்நுட்பம் அல்ல, வாங்கும் முறை.

அடுத்த கட்டம் எரிபொருளை மாற்றுவது. இங்கே நிறுவனங்கள் சில கடுமையான விதிகளை வகுத்தன. 2022 முதல் புதிய நிலக்கரிப் பாய்லரை நிறுவக்கூடாது, 2025க்குள் இருப்பதையும் கைவிட வேண்டும் என்று அடிடாஸ் தன் வழங்குநர்களுக்குச் சொன்னது. ஸ்வீடனின் எச்&எம், நிலக்கரிப் பாய்லர் வைத்திருக்கும் புதிய ஆலைகளைத் தன் பட்டியலில் சேர்ப்பதை 2022இல் நிறுத்தியது. விதி சரிதான், ஆனால் அதற்குப் பதிலாக எதை எரிப்பது? ஜொகூர்க்காரருக்குச் சட்டென்று தோன்றக்கூடிய விடை செம்பனைக் கொட்டையின் ஓடு. எண்ணெய் ஆலைகளில் மிஞ்சும் நல்ல எரிபொருள் அது. ஆனால் அதற்கு ஜப்பானின் மின்நிலையங்களும் விலை கொடுத்துப் போட்டி போடுகின்றன. எல்லாப் பாய்லர்களுக்கும் போதுமான அளவு கிடைக்காது. விறகுக்காக மரத்தை வெட்டினால், அது திரும்ப வளர்கிறதா என்ற கேள்வி பின்னாலேயே வரும். ஆகவே நீண்டகால விடை மின்சாரப் பாய்லர்களும் வெப்ப பம்புகளும்தான். அவையும் மின்சாரம் தூய்மையாக இருந்தால்தான் பலன் தரும். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் நிலக்கரிக்கு இன்னும் பெரும் பங்கு உண்டு. ஜொகூரிலேயே தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. புதிய நிலக்கரி மின்நிலையங்களைக் கட்டுவதில்லை என்று அரசாங்கம் 2021இல் அறிவித்தது. 2024 செப்டம்பர் முதல் கிரெஸ் என்ற திட்டத்தின் வழியே நிறுவனங்கள் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக ஒப்பந்தம் செய்து வாங்க வழி பிறந்திருக்கிறது. ஆனால் அந்த வாசலில் பெரிய கைகள் ஏற்கெனவே காத்து நிற்கின்றன. கூலாயிலும் செடெனாக்கிலும் எழும் தரவு மையங்களுக்கும் அதே தூய மின்சாரம் வேண்டும். தனியாக ஒரு துணி ஆலை அந்தப் போட்டியில் வெல்ல முடியாது. பல ஆலைகளின் தேவையைச் சேர்த்து, பதினைந்து இருபது ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிணை நிற்க ஒரு பெரிய நிறுவனத்தால் முடியும்.

தமிழ்நாட்டின் திருப்பூர் இதில் இரண்டு பாடங்களைத் தருகிறது. ஒன்று, பின்னலாடைத் தொழில்முனைவோர் பலர் காற்றாலைகளில் முதலீடு செய்தார்கள். பாலக்காட்டுக் கணவாயின் காற்றும், காற்றாலைக்குக் கிடைத்த வருமான வரிச் சலுகையும் சேர்ந்து, வெளிநாட்டு நிறுவனங்கள் கரிமம் பற்றிக் கேட்கத் தொடங்கும் முன்பே அந்தத் தொழிலைத் தூய மின்சாரத்தின் பக்கம் இழுத்தன. சரியான ஊக்கம் இருந்தால் உள்ளூர்த் தொழில் காத்திருப்பதில்லை என்பதற்கு இது சாட்சி. இரண்டாவது பாடம் சங்கடமானது. நொய்யல் ஆற்றைச் சாயக் கழிவு கெடுத்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறையை அமைத்தவர்களே மீண்டும் திறக்க முடிந்தது. அந்த முறையில் தண்ணீரைச் சவ்வு வழியே வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்குகிறார்கள். ஆற்றுக்குப் போகும் சாயக் கழிவு குறைந்தது, ஆனால் காய்ச்சுவதற்குக் கூடுதல் நீராவி வேண்டும், கூடுதல் நீராவிக்குக் கூடுதல் விறகு வேண்டும். இதற்காக ஆற்றை மறுபடி கெடுக்கலாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தண்ணீரைக் காக்கும் செலவையும் கரிமத்தைக் குறைக்கும் செலவையும் இரண்டையுமே பட்டறைக்காரர் தலையில் சுமத்திவிட்டு, துணியின் விலையை மட்டும் உயர்த்தாமல் வாங்க முடியாது என்பதுதான் இதன் பொருள்.

இங்கேதான் மையக் கேள்வி எழுகிறது: கொதிகலனுக்கு யார் பணம் கொடுப்பது? "ஆலை எங்களுடையதல்ல, எங்களால் அங்கே போய் என்ன செய்ய முடியும்?" என்பது நிறுவனங்களின் பழைய பதில். சட்டப்படி அது உண்மை. ஆனால் துணியின் நிறம், எடை, கெடு, விலை அனைத்தையும் நிறுவனம்தான் முடிவுசெய்கிறது. தையலின் நீளத்தைக்கூட அளந்து சொல்கிறது. இத்தனையும் சொல்ல முடிந்தவர்களால் பாய்லரைப் பற்றி மட்டும் எதுவும் சொல்ல முடியாது என்பது நம்பும்படி இல்லை. சொல்வதோடு நிற்காமல் பணமும் போட வேண்டும் என்பதைச் சிலர் ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். 2023இல் எச்&எம், சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்து, தன் வழங்குநர்களின் ஆலைகளைத் தூய்மைப்படுத்தக் கடன் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2024இல் கேப், எச்&எம், மாங்கோ, பெஸ்ட்செல்லர் ஆகியவை அதே வங்கியையும் இணைத்துக்கொண்டு வழங்குநர்களுக்கான கூட்டு நிதித் திட்டம் ஒன்றை அறிவித்தன. ஒரே ஆலை நான்கைந்து நிறுவனங்களுக்குத் துணி கொடுப்பதால், செலவைப் பங்கிட்டுக்கொள்வதே நியாயம். கடனைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. ஐந்தாண்டுக்கு இவ்வளவு துணி உன்னிடம் வாங்குவேன் என்ற எழுத்துப்பூர்வ உறுதி கையில் இருந்தால், ஆலைக்காரர் எந்த வங்கியின் படியையும் தயங்காமல் ஏறலாம்.

செலவு தாங்காது என்ற ஆட்சேபத்தை எண்ணால் அளந்து பார்க்கலாம். உலகப் பொருளாதார மன்றமும் பாஸ்டன் கன்சல்டிங் குழுமமும் 2021இல் உடை, உணவு, கார் உள்ளிட்ட எட்டு வழங்கல் சங்கிலிகளை ஆராய்ந்தன. மூலப்பொருளிலிருந்து கடைவரை கரிமத்தை நீக்கினாலும், வாடிக்கையாளர் கொடுக்கும் விலை 1 முதல் 4 விழுக்காடே உயரும் என்பது அவர்கள் கண்ட முடிவு. காரணம் எளிது: கடையில் நாம் கொடுக்கும் பணத்தில் துணியின் பங்கு சிறியது; வாடகை, விளம்பரம், வடிவமைப்பு, லாபம் ஆகியவையே பெரிது. 300 ரிங்கிட் சப்பாத்தில் 4 விழுக்காடு என்றால் 12 ரிங்கிட். அதே சப்பாத்தைப் பருவம் முடிந்ததும் பாதி விலைக்குத் தள்ளிவிடும் ஒரு தொழில், 12 ரிங்கிட் தாங்க முடியவில்லை என்று சொல்வதில் வலுவில்லை. ஆனால் அந்த 12 ரிங்கிட்டை நிறுவனம் தன் கணக்கில் எடுக்காமல் ஆலையிடம் தள்ளினால், ஆலையின் மெல்லிய லாபத்தில் அது தாங்க முடியாத பாரம்தான். அடுத்து அது தொழிலாளியின் கூலியில் போய் விழும்.

ஆலைக்கு வெளியே, நிறுவனத்தின் கையிலேயே முழுதும் இருக்கும் ஒரு கருவி வடிவமைப்பு. அதற்கு நைக்கியின் பழைய வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. அதன் புகழ்பெற்ற காற்றடைத்த அடிப்பாகங்களில் முதலில் அடைத்திருந்தது வெறும் காற்றல்ல, சல்பர் ஹெக்ஸாபுளோரைடு என்ற வாயு. மூலக்கூறு பெரிதாக இருப்பதால் எளிதில் கசியாது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் ஒரு கிலோ, 20,000 கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்பது 1990களின் தொடக்கத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. பதிலாக நைட்ரஜனைப் பயன்படுத்த முயன்றால் அது கசிந்தது. உறையின் படலத்தையே புதிதாக உருவாக்கி, 2006இல்தான் பழைய வாயுவை முழுதாக நீக்கினார்கள். பத்தாண்டுக்கு மேல் ஆனது, இருந்தும் நடந்தது. விளைந்த சப்பாத்து முன்பைவிட மோசமாக இல்லை. பாகங்களைக் குறைப்பதும் இதே வகை வேலை. அடிடாஸும் ஆல்பேர்ட்ஸும் போட்டியாளர்களாக இருந்தும் சேர்ந்து உழைத்து, 2021இல் ஒரு ஜோடிக்கு 2.94 கிலோ கரிமம் மட்டுமே வெளியிடும் சப்பாத்தைக் காட்டினார்கள். எம்ஐடி அளந்த 14 கிலோவோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அது சிறு எண்ணிக்கையில்தான் விற்பனைக்கு வந்தது. முடியும் என்பதற்கு அது சான்று, நடந்துவிட்டது என்பதற்கு அல்ல. நூலை இழுக்கும் கட்டத்திலேயே பாலியஸ்டரில் நிறத்தைக் கலந்துவிட்டால் வெந்நீர்ச் சாயத்தொட்டியே தேவைப்படாது என்பதும் நன்கு தெரிந்த நுட்பம். நிறத்தை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும், பெரிய அளவில் வாங்க வேண்டும் என்பதால்தான் நிறுவனங்கள் தயங்குகின்றன.

மறுசுழற்சிப் பாலியஸ்டர் பற்றி ஒரு சொல். அடிடாஸ் பயன்படுத்தும் பாலியஸ்டர் இப்போது ஏறத்தாழ முழுதும் மறுசுழற்சி செய்யப்பட்டது. புதிதாகச் செய்வதைவிட அதில் கரிமம் குறைவு, ஐயமில்லை. ஆனால் அந்த நூலில் பெரும்பகுதி பழைய உடையிலிருந்து வருவதில்லை, தண்ணீர்ப் புட்டிகளிலிருந்து வருகிறது. புட்டி மீண்டும் புட்டியாகலாம். பிறகு மறுபடியும் ஆகலாம். சட்டையான புட்டியோ பெரும்பாலும் குப்பையில்தான் முடியும். ஆகவே இது உதவும் படிதான், பயணத்தின் முடிவல்ல. போக்குவரத்திலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தில் கொள்கலனில் வந்திறங்கும் சட்டையின் கப்பல் பயணம் அதன் மொத்தக் கரிமத்தில் சிறு துளி. அதே சட்டை விமானத்தில் வந்தால் அந்தப் பயணத்தின் கரிமம் பல பத்து மடங்காகிறது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஷீயின், 2023இல் ஒரு கோடியே 67 லட்சம் டன் கரிமம் வெளியிட்டதாகத் தானே அறிவித்தது. அதில் 38 விழுக்காடு போக்குவரத்து. இணையத்தில் ஆர்டர் செய்த உடை சில நாட்களில் வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்ற வியாபார முறையின் விலை இது. விமானத்தைத் தவிர்ப்பதற்குப் புதிய எந்திரம் எதுவும் வேண்டாம்; சில வாரம் முன்னதாகத் திட்டமிட்டால் போதும். கெடு நெருங்கியபின் வடிவத்தை மாற்றிவிட்டு, தாமதத்துக்கு ஆலையைக் குறைசொல்லி, சரக்கை விமானத்தில் ஏற்றச் சொல்லும் பழக்கத்தை நிறுவனமே விட வேண்டும்.

"வாங்கியவர் துவைப்பதில்தானே கரிமம் அதிகம், எங்களை ஏன் சொல்கிறீர்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. லீவைஸ் தன் 501 ஜீன்ஸை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட கணக்கில், வாழ்நாள் முழுவதற்குமான 33.4 கிலோ கரிமத்தில் 37 விழுக்காடு துவைத்து உலர்த்துவதில் இருந்தது உண்மை. ஆனால் அது வெந்நீரில் துவைத்து, எந்திரத்தில் உலர்த்தும் நாடுகளின் பழக்கத்தைச் சார்ந்த எண். நம் ஊரில் பெரும்பாலோர் பச்சைத் தண்ணீரில் துவைத்து வெயிலில் காயவைப்பவர்கள். சப்பாத்துக்கோ இந்த வாதமே பொருந்தாது. ஜீன்ஸின் எஞ்சிய 63 விழுக்காட்டைப் பற்றி நிறுவனம் பேசாமல் இருக்க இது சாக்காகாது. மரம் நட்டு ஈடுகட்டுவதும் அப்படித்தான். செனாய் வட்டாரம் ரப்பர்த் தோட்டமாக இருந்து செம்பனையாகி, பிறகு தொழிற்பேட்டையும் குடியிருப்புமாக மாறியதை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மூன்று தலைமுறைக்குள் கண்டிருக்கின்றன. நட்ட மரம் நூறாண்டு அங்கேயே நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாத நிலம் இது. எரிந்த நிலக்கரியின் கரிமமோ நூற்றாண்டுகள் கடந்தும் வானில் நிற்கும்.

இவற்றையெல்லாம் செய்தாலும் தப்பிக்க முடியாத ஒரு கணக்கு மிஞ்சுகிறது: எண்ணிக்கை. டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பின் புள்ளிவிவரப்படி, 2000இல் உலகம் 5 கோடியே 80 லட்சம் டன் இழைகளை உற்பத்தி செய்தது. 2023இல் 12 கோடியே 40 லட்சம் டன். இரண்டு மடங்குக்கு மேல். ஒரு சட்டையின் கரிமத்தைப் பாதியாக்கிவிட்டு, இரண்டு சட்டை விற்றால் வானத்துக்கு எந்த வித்தியாசமும் இல்லை. விற்பதைவிட அதிகமாகச் செய்வது இந்தத் தொழிலின் இயல்பாகவே ஆகிவிட்டது. தள்ளுபடிக் கடைகளின் தொடக்கமே, பருவம் முடிந்தும் மிஞ்சிய சரக்கை விற்கும் இடம் என்பதுதான். இன்று சில நிறுவனங்கள் அந்தக் கடைகளுக்கென்றே தனியாகச் சரக்கு செய்வதும் உண்டு. பர்பெரி ஆடை நிறுவனம் 2017-18 நிதியாண்டில் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள விற்காத பொருட்களை அழித்ததை அதன் அறிக்கையே வெளியிட்டு, பெரும் எதிர்ப்புக்குப்பின் 2018இல் அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. ஐரோப்பாவில் சந்தைக்கு வரும் துணிப்பொருட்களில் 4 முதல் 9 விழுக்காடு யாரும் அணியாமலேயே அழிக்கப்படுவதாக ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் விற்காத உடை, காலணிகளை அழிப்பதற்கான தடையை ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜூலையில் நடைமுறைக்கு வரும்படி சட்டமாக்கியது. செய்து அழிக்கும் பொருளைச் செய்யாமலே விடுவதுதான் எல்லா வழிகளிலும் மலிவான கரிமக் குறைப்பு. அதனால் எந்த வாடிக்கையாளருக்கும் எந்த இழப்பும் இல்லை.

இங்கேதான் மிகக் கனமான ஆட்சேபம் வருகிறது. உற்பத்தி குறைந்தால் வேலை குறையுமே? தமிழ்நாட்டின் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் நைக்கிக்காகச் சப்பாத்து செய்யும் ஆலைகளில் வேலைபார்ப்போரில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். வங்காளதேசத்தின் ஏற்றுமதியே ஆடையை நம்பி இருக்கிறது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, "குறைவாகச் செய்யுங்கள்" என்று எழுதுவது எளிது. இந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது சொல்வதை முழுதாக ஏற்கவும் முடியாது. இன்றைய பெருக்கம் தொழிலாளிக்கு நிலையான வாழ்வைத் தந்ததா என்று பார்க்க வேண்டும். ஆர்டர் ஒரு பருவத்தில் குவிந்து அடுத்த பருவத்தில் வற்றுகிறது; விலை அழுத்தம் கூலியில் விழுகிறது; 2020இல் கொவிட் பரவியபோது பல நிறுவனங்கள் தைத்து முடித்த ஆர்டர்களைக்கூட ரத்து செய்தன, தெருவில் நின்றது தொழிலாளிதான். குறைவான எண்ணிக்கையில், நீண்ட ஒப்பந்தத்தில், கூடுதல் விலைக்கு, நீடித்து உழைக்கும் பொருளை வாங்கும் நிறுவனம் ஆலைக்கும் தொழிலாளிக்கும் இன்றைவிட மோசமான வாடிக்கையாளராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பிரிட்டனின் ராப் அமைப்பு கணக்கிட்டபடி, ஓர் உடையை இன்னும் ஒன்பது மாதம் கூடுதலாக அணிந்தாலே அதன் சுற்றுச்சூழல் சுமை 20 முதல் 30 விழுக்காடு குறையும். நீடித்து உழைக்கும் உடையைத் தைக்க நேரமும் கைத்திறனும் கூடுதலாக வேண்டும். பழுதுபார்ப்பதற்கும் கை வேண்டும். இருந்தும் சில இடங்களில் வேலை குறையும் என்பதை மறைக்கக்கூடாது. அந்த இழப்பை ஈடுகட்டும் செலவும் நிறுவனம் கொடுக்க வேண்டிய பட்டியலில் சேர வேண்டும்.

அப்படியானால் ஒரு நிறுவனம் வெளியிடும் பசுமை அறிக்கையை வாசகர் எப்படி எடைபோடுவது? 2030க்கு அது வைத்திருக்கும் இலக்கு எண்ணை வைத்து அல்ல. இலக்கு வைப்பது எளிது, கைவிடுவதும் எளிது. நைக்கி தன் நீடித்தன்மைப் பிரிவில் கணிசமான ஆட்களைக் குறைத்ததை 2024இல் புரோபப்ளிகா செய்தியாளர்கள் வெளிப்படுத்தினார்கள், இலக்கு மட்டும் காகிதத்தில் அப்படியே இருந்தது. பார்க்க வேண்டியவை வேறு. தன் துணி ஆலைகளில் எத்தனையில் இன்னும் நிலக்கரி எரிகிறது என்று அறிக்கை சொல்கிறதா? அவற்றை மாற்ற நிறுவனம் தன் பணத்தில் எவ்வளவு போட்டது, எத்தனை ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது என்று இருக்கிறதா? சென்ற ஆண்டைவிட எத்தனை பொருள் கூடுதலாகவோ குறைவாகவோ செய்தது, அதில் எத்தனை விற்கவில்லை என்று இருக்கிறதா? சந்தையின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அரசுகளும் இருக்க வேண்டியதில்லை. மலேசியா 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த கரிம வரி இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளைக் குறிவைத்தது. துணி, காலணித் தொழிலிலும் கொதிகலனை மாற்றும் ஆலைக்கு மலிவுக் கடனும், தூய மின்சாரத்தைக் கூட்டாக வாங்கும் வழியும் கிடைத்தால், பத்து பகாட் ஆலைகள் நாளை இந்தக் கேள்விகளைக் கேட்கும் வாங்குநரிடம் முன்வரிசையில் நிற்கலாம். அந்த மூன்று கேள்விகளுக்கும் எண்ணால் பதில் சொல்லும் நிறுவனம், அந்த எண்கள் அதற்குச் சாதகமாக இல்லாவிட்டாலும், வேலையைத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம். கடை விளக்கையும் காகிதப் பையையும் பற்றி மட்டும் பேசும் நிறுவனம், எவ்வளவு பெரிய இலக்கை அறிவித்திருந்தாலும், கொதிகலனின் செலவை இன்னும் வேறொருவர் தலையில்தான் வைத்திருக்கிறது.